ஊமைக் காரைத் திருத்துவது எப்படி

கொழும்புப் புதுக்கடைக்குள் கார் ஓட்டுகிறவருக்கு பிரேக் கொஞ்சம் மெலிந்திருந்தாலும் சமாளிக்கலாம்; நெரிசலே வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். ஹோன் இல்லாமல் சமாளிக்க ஏலாது. இங்கே ஹோன்தான் வாய். சின்னதாக ஒன்று தட்டினால் ‘பின்னால் ஆள் இருக்கிறது.’ இரண்டு தட்டினால் ‘வழி விட்டதுக்கு நன்றி அண்ணே.’ அமத்திப் பிடித்தால் அது எதிராளியின் பரம்பரை வரைக்கும் போகும். அந்த வாய் ஒரு திங்கட்கிழமை காலையில், கோட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில், டாம் வீதித் திருப்பத்தில் எனக்கு அடைத்துக்கொண்டது. ஸ்டியரிங்கின் நடுவில் எத்தனை குத்துக் குத்தினாலும், தலையணையைக் குத்திய மாதிரி ‘புஸ்’ என்றதோடு சரி.

இந்த வழிகாட்டி அப்படி ஊமையாகிப்போன ஸ்டியரிங் உள்ளவர்களுக்கு. எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் மெக்கானிக் இல்லை. கோட்டுக்குக் கிட்ட ஒரு ஒடுங்கிய அறையில் மற்றவர்களுடைய பிறப்பு, விவாக, மரணப் பத்திரங்களைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றி முத்திரை குத்திக் கொடுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். ஆனால் என்னுடைய சின்ன ஜப்பான் கார் மூன்று மாதம் வழக்காடியது. எந்தச் சட்டப் பரீட்சையும் எழுதாமல் வழக்கில் அடிபட்டே சட்டம் படித்த கட்சிக்காரர்கள் புதுக்கடையில் நிறைய. அவர்களைப் போலத்தான் நானும் ஸ்டியரிங் படித்தேன்.

இங்கே எதுவும் ஒரே நாளில் முடிந்ததில்லை என்பதால், வழிகாட்டியைத் தவணை தவணையாகவே தருகிறேன்.

முதலாம் தவணை: முறைப்பாடு என்ன?

முதலில் உங்கள் ஸ்டியரிங் எந்தக் காலத்தது என்று பாருங்கள். மொறிஸ் மைனர் என்றால் நீங்கள் பாக்கியசாலி. நடுவில் ஒரு பொத்தான், அதிலிருந்து ஒரு வயர், அவ்வளவுதான் சங்கதி. ரெக்கொண்டிஷன் ஜப்பான் கார் என்றால் அதே வட்டத்துக்குள் ஒரு குடும்பமே குடியிருக்கிறது: ஹோன், எயார்பேக், ரேடியோவைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள், ஒருநாளும் யாரும் அமத்திப் பார்க்காத ஜப்பான் எழுத்துப் பொத்தான் ஒன்று.

இந்தக் குடும்பத்தின் மின்சாரம் முழுவதும் ஒரு நாடா வழியாகத்தான் போகிறது. ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பினால் மூன்று சுற்றுக்குக் கிட்ட வரும். சாதாரண வயராக இருந்தால் முறுக்கி அறுந்துவிடும். ஆகவே தையற்காரரின் அளவு நாடாவைச் சுருட்டி வட்டமான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்ததுபோல, தட்டையான ஒரு கேபிளைச் சுருளாக வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகும், மற்றப் பக்கம் திருப்பினால் தளரும். சிலர் இதை ஸ்பைரல் கேபிள் என்பார்கள், சிலர் குளொக் ஸ்பிரிங் என்பார்கள். கராஜில் எந்தப் பெயரைச் சொன்னாலும் மற்றப் பெயரால் உங்களைத் திருத்துவார்கள்.

இப்போது முறைப்பாட்டைப் பிரித்து எழுதுங்கள். ஹோன் மட்டும் இல்லையா? அப்படியென்றால் குற்றவாளி அநேகமாக ஸ்டியரிங்குக்கு வெளியே இருக்கிறான். ஹோன், ரேடியோப் பொத்தான் இரண்டும் ஒரே நேரத்தில் போய், மீற்றர்ப் பலகையில் எயார்பேக் லைற்றும் எரிகிறதா? சந்தேகம் அந்த நாடா மேல்தான் விழ வேண்டும். மூன்று பேர் ஒரே நாளில் தலைமறைவானால் மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறியிருப்பார்கள்.

எனக்கு இருந்த நோய் இன்னும் வடிவானது. ஸ்டியரிங் நேராக இருக்கும்போது ஹோன் இல்லை. இடப்பக்கம் அரைச் சுற்றுத் திருப்பினால் மட்டும் அடித்தது. ஆகவே யாரையாவது ஏச வேண்டுமென்றால், முதலில் வண்டியை இடப்பக்கம் ஒரு இழுவை இழுத்துவிட்டுத்தான் ஏச வேண்டியிருந்தது. ஓட்டோக்காரர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை மொழிபெயர்க்க விரும்பவில்லை.

எயார்பேக் லைற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வயிற்றுக்கு முன்னால் பலூனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் படம், அதுதான். சாவியைத் திருப்பியதும் அந்த ஆள் சில விநாடி எரிந்துவிட்டு அணைய வேண்டும். அணையாவிட்டால் பிழை இருக்கிறது. ஆனால் முதலிலேயே எரியாவிட்டால் அதைவிடப் பெரிய பிழை இருக்கிறது: யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ற்றைத் தடவிப் பார்ப்பதற்கு முன் இந்த ஆளைத்தான் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தக் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் கிடந்த அந்த ஐந்து வருடமும் இந்த நாட்டில் கார்கள் கைமாறிக்கொண்டே இருந்தன, வயது மட்டும் போனது, விலை ஏறியது. அடிபட்டு, பலூன் வெடித்து, திருத்தி விற்ற கார்களும் அதற்குள் அடக்கம். வெடித்த பலூனுக்குப் பதில் புதுப் பலூன் போடாமல், இரண்டு, மூன்று ஓம் அளவில் ஒரு சின்ன ரெசிஸ்ரரைக் கோர்த்துவிட்டால், காரின் கணினி பலூன் இருக்கிறது என்று நம்பிவிடும். லைற்றும் ஒழுங்காக எரிந்து ஒழுங்காக அணையும். புதுக்கடையில் இதற்குப் பெயர் பொய்ச் சாட்சி.

இரண்டாம், மூன்றாம் தவணைகள்

பாஸ் வரவில்லை.

(‘பாஸ்’ என்ற சொல்லைப் பற்றி, அவர் வரும்வரைக்கும். கொழும்பில் தச்சரும் பாஸ், மேசனும் பாஸ், கார் திருத்துகிறவரும் பாஸ். ஒல்லாந்தருடைய ‘பாஸ்’ இது. தலைமைத் தொழிலாளி என்று அர்த்தம். ஆங்கிலேயரின் ‘பொஸ்’ஸும் அதே ஒல்லாந்து வயிற்றில் பிறந்ததுதான். கந்தோர், கக்கூசு, போஞ்சி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. புதுக்கடையின் இங்கிலிஷ் பெயரான ஹல்ஃப்ஸ்டோர்ப்கூட, போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடிக்க முற்றுகையிட்ட ஹெறார்ட் ஹுல்ஃப்ட் என்ற தளபதியின் பெயரில் அமைந்த ‘ஹுல்ஃப்டின் ஊர்’. கொழும்பு விழுந்தது 1656 மே மாதம். ஹுல்ஃப்ட் அதற்கு ஒரு மாதம் முன்பே செத்துப்போனார். தீர்ப்பு வருவதற்குள் கட்சிக்காரர் காலமாவது இந்த மண்ணில் அன்றே தொடங்கியிருக்கிறது.)

பாஸ் இல்லாத நாட்களில் வைத்தியம் சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கும். கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள். பக்கத்து அறை நொத்தாரிசு ஐயா ‘எலி’ என்றார். அதை முழுக்கத் தள்ளிவிட ஏலாது. இரவில் புதுக்கடைத் தெருவில் கொத்துரொட்டித் தகரம் தாளம் போடத் தொடங்கினால் மனிசர் மட்டும் சாப்பிட வருவதில்லை. நிறுத்திவைத்த காரின் பொனற்றுக்குள் சூட்டுக்கு ஏறிப் படுக்கும் எலி வயரையும் ருசி பார்க்கும். ஆனால் எலி கடித்த வயர் இடப்பக்கம் திருப்பும்போது மட்டும் ஒட்டிக்கொள்ளாது. என் மனைவி பூசையைக் காரணம் சொன்னாள். கார் வாங்கிய அன்று கொச்சிக்கடைச் சிவன் கோயில் வாசலில் நிறுத்தி, எலுமிச்சம்பழம் நசித்து, ஸ்டியரிங்கின் நடுவில் சந்தனமும் குங்குமமும் அள்ளி அப்பியது உண்மை. தேங்காயை ரயருக்குக் கிட்ட உடைக்காமல் தள்ளி உடைத்ததுதான் குறை என்பது அவளுடைய வாதம். என்னுடைய வாதம், ஈரச் சந்தனம் இடுக்கு வழியாக இறங்கினால் ஹோன் பட்டையின் தொடுமுனையில் காய்ந்து கட்டியாகிவிடும் என்பது. சீனி போட்ட பிளேன்ரீ ஊற்றினாலும் அதே பலன். பொத்தான் அமத்தினால் திரும்பி வராது. இரண்டு பேரும் கடவுளையும் கழிவையும் ஒரே சந்தனத்தில் கண்டோம். இரண்டு பேரும் பிழை.

நான்காம் தவணை: சாட்சிகளை விசாரித்தல்

பாஸ் நானா வந்தார். பொனற்றைத் திறக்கவில்லை, ஸ்டியரிங்கைத் தொடவில்லை. என்னைப் பார்த்து, “சேர், ஹோன் எத்தின நாளா கதைக்கல்ல?” என்றார். வைத்தியர் வயிற்றோட்டத்தைக் கேட்பதுபோலக் கேட்டார்.

அவரிடமிருந்து நான் களவாகப் படித்த ஒழுங்கு இது. வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். மலிவான சாட்சியிலிருந்து விலையான சாட்சிக்கு.

முதலில் பியூஸ். பெட்டியின் மூடிக்கு உட்பக்கத்தில் வரைபடம் இருக்கும், ஜப்பானில். ஹோன் படத்தைத் தேடுங்கள். படம் எல்லா மொழிக்கும் பொது. பியூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது ரிலே. அதே பெட்டியில் அதே உருவத்தில் வேறொரு ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒரு சதமும் செலவில்லாத சோதனை இதுதான், அதனாலேயே அநேகமான கராஜ்களில் இதைச் செய்வதில்லை. பிறகு ஹோனுக்கே போங்கள். அதன் பிளக்கைக் கழற்றி, பற்றரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்தால் கத்த வேண்டும். கத்தினால் ஹோன் நிரபராதி. (முகத்தை அதற்கு நேரே வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். நான் செய்தேன்.)

ஸ்டியரிங் பொத்தான் ஹோனுக்கு மின்சாரம் கொடுப்பதாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைப்போம். அநேகமான ஜப்பான் கார்களில் அது கொடுப்பதில்லை. நீங்கள் குத்தும்போது ரிலேயின் சுருளை பொடியோடு தொட வைக்கிறது, எர்த் பண்ணுகிறது. மிச்ச வேலையெல்லாம் ரிலே செய்கிறது. ஆகவே ரிலே கழற்றிய குழியில், பொத்தான் வயர் வரும் முனையை எர்த்துக்குத் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீற்றர் வைத்துப் பார்த்தால், ஸ்டியரிங்கைக் கழற்றாமலே அதன் உள்மனது தெரிந்துவிடும். பாஸ் நானா அந்த முனையில் மீற்றரை வைத்தார். நான் ஹோனை அமத்திக்கொண்டே மெதுவாகத் திருப்பினேன். நேராக: மௌனம். இடப்பக்கம் கால் சுற்று: மௌனம். அரைச் சுற்று: ‘பீப்.’ இன்னும் கொஞ்சம்: மௌனம்.

“நாடா அறுந்து ஈக்கு சேர்,” என்றார் நானா. “அறுந்த ரெண்டு நுனியும் அந்த ஒரு எடத்துல மட்டும் முத்தம் குடுக்குது.”

இந்த மீற்றர் வேலையில் ஒரு கோட்டை மட்டும் தாண்டாதீர்கள். ஸ்டியரிங்குக்குள் மஞ்சள் பிளக், மஞ்சள் உறை போட்ட வயர் கண்டால் அது எயார்பேக்குடையது. பலூனின் முனைகளில் சாதாரண மீற்றரை வைத்து ஓம் பார்க்கக் கூடாது. மீற்றர் அனுப்பும் சின்ன மின்னோட்டமே அதை வெடிக்க வைக்கக்கூடும். பலூன் விரிய எடுக்கும் நேரம் ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு அளவு. நீங்கள் கண் மூடுவதற்குள் அது வந்து சேர்ந்துவிடும்.

பலூனைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், இதில் பகிடி இல்லை. தகாட்டா என்ற ஜப்பான் கம்பனி அமோனியம் நைத்திரேற்றை வைத்துச் செய்த ஊதுகலன்கள், நீண்ட காலச் சூட்டிலும் ஈரப்பதத்திலும் பழுதாகி, விபத்தில் வெடிக்கும்போது உலோகத் துண்டுகளை ஓட்டுநர் முகத்தில் எறிந்தன. பல நாடுகளில் ஆட்கள் செத்தார்கள். வாகன வரலாற்றிலேயே மிகப் பெரிய திருப்பியழைப்பு அது. கம்பனி 2017இல் வங்குரோத்து அறிவித்தது. சூடும் ஈரப்பதமும் என்றால் கொழும்பின் முழு முகவரியே அதுதான். உங்கள் காரின் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து, அது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று உற்பத்தியாளரின் இணையத்தளத்திலோ முகவரிடமோ கேளுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் தவணை போடாமல் செய்யுங்கள்.

ஸ்டியரிங் பாரமாகிப்போனது என்று சொல்லிக்கொண்டு இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் தயவுசெய்து வேறு நீதிமன்றத்துக்குப் போகவும். அது மின்சாரப் பவர் ஸ்டியரிங். 1988இல் சுசுகி செர்வோவில் தொடங்கிய வம்சம். பற்றரி இளைத்தாலோ எர்த் தளர்ந்தாலோகூட அது முகத்தைத் தூக்கிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 14 வோல்ற்றுக்குக் கிட்ட வருகிறதா என்று பார்த்துவிட்டு மிச்சத்தைக் கதையுங்கள்.

ஐந்தாம் தவணை: பஞ்சிகாவத்தை

நாடாவை ஒட்டவைக்க முடியாது. டப்பாவோடு மாற்ற வேண்டும். அதற்கு, பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போக வேண்டும். புதுக்கடையிலிருந்து நடக்கும் தூரம். காரில் போகாதீர்கள். அங்கே நிறுத்திய காரின் பக்கக் கண்ணாடியை அடுத்த ஒழுங்கையிலேயே மலிவாகத் திருப்பி வாங்கலாம் என்பது கொழும்பின் பழைய பகிடி. எனக்கு அப்படி நடக்கவில்லை, ஆனால் கடையில் நின்ற நேரம் முழுக்க என் மனம் காரிடம்தான் நின்றது.

ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலேற்றிய கார்கள் அங்கே கதவாகவும் கியர்ப் பெட்டியாகவும் பிரிந்து கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கும். கழற்றிய பழைய டப்பாவைக் கையில் கொண்டுபோங்கள் (கழற்றும் விதம் அடுத்த தவணையில்; அதை முதலில் படியுங்கள்). மொடலின் பெயரைச் சொன்னால் போதாது. அதே வருடத்து அதே காரில் பிளக் எண்ணிக்கை வேறுபடும். பின்பக்கத்தில் எழுதிய இலக்கத்தை ஒத்துப் பாருங்கள்.

இனி முக்கியமான அடையாளம். கடைக்காரர் டப்பாவை எடுத்து, “பாருங்கோ, எவ்வளவு லேசா சுத்துது” என்று பம்பரம் மாதிரிச் சுற்றிக் காட்டினால் அதை வாங்காதீர்கள். கட்டுப்பாடில்லாமல் எப்பக்கமும் சுற்றுகிறது என்றால் உள்ளே நாடா ஏற்கெனவே அறுந்துவிட்டது. நல்ல டப்பா இரண்டு பக்கமும் ஒரு எல்லையில் நிற்கும். நான் பார்த்த முதலாவது நன்றாகச் சுற்றியது. இரண்டாவது அதைவிட நன்றாகச் சுற்றியது. மூன்றாவதைக் கடைக்காரர் சுற்றப் போனபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “சேர் லோயரா?” என்றார். விலை கொஞ்சம் குறைந்தது.

ஆறாம் தவணை: கழற்றல், பூட்டல்

பலூனில் பழகிய பாஸ் ஒருவர் இல்லாமல் இந்தத் தவணைக்குப் போகாதீர்கள். உங்கள் பங்கு, பக்கத்தில் நின்று கவனிப்பது.

முன் சில்லுகள் நேராக நிற்க வேண்டும். பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, ஆகக் குறைந்தது 90 விநாடி காத்திருக்க வேண்டும். எயார்பேக்கின் கணினிக்குள் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைத்திருப்பார்கள், விபத்தில் பற்றரி அறுந்தாலும் பலூன் வெடிக்க வேண்டுமே. அது வடியும்வரைக்கும் ரீ குடிக்கலாம். நானாவின் கணக்கில் 90 விநாடி என்பது ஒரு பிளேன்ரீ, ஒரு கட்லட், மருமகனின் கட்டார் வேலை பற்றிய முழு விபரம்.

பலூன் பெட்டியைக் கழற்றியதும் அலங்கார முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும். குப்புற வைத்தால், தற்செயலாக வெடித்தால், அது ரொக்கற்றாகி முகட்டைத் தேடும். ஸ்டியரிங்கின் நடு நட்டை முழுக்கக் கழற்ற வேண்டாம். சில புரிகள் பிடித்திருக்க விட்டுவிட்டு இழுக்க வேண்டும். முழுக்கக் கழற்றிவிட்டு பலத்தோடு இழுத்தவரை அவருடைய மூக்கைப் பார்த்து அடையாளம் காணலாம். தண்டிலும் சக்கரத்திலும் சேர்த்து ஒரு கோடு போட்டுவைக்க மறந்தால், பிறகு நேர் ரோட்டில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். வாழ்நாள் முழுக்க ஏதோ ஒரு பக்கம் சாய்ந்த மனிதராக ஓட்ட வேண்டிவரும்.

புது டப்பாவை நடுவில் நிறுத்திப் பூட்டுவதுதான் முழு வழக்கின் உயிர். ஒரு பக்கம் மெதுவாக, அது நிற்கும்வரை சுற்ற வேண்டும். பிறகு மறுபக்கம் இரண்டரைச் சுற்றுப் போல வந்து, இரண்டு அம்புக்குறிகளும் ஒன்றையொன்று பார்க்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். மொடலுக்கு மொடல் கணக்கு மாறும், டப்பாவிலேயே எழுதியிருக்கும். நடு பிசகினால் முதல் முழுத் திருப்பத்திலேயே புது நாடாவும் அறுந்துவிடும், நீங்கள் பஞ்சிகாவத்தைக்குத் திரும்பி வருவீர்கள், கடைக்காரர் உங்களைப் பெயர் சொல்லி வரவேற்பார்.

நானா எல்லாவற்றையும் பூட்டி, கடைசியாகப் பற்றரியைப் போட்டார். சாவியைத் திருப்பினேன். முதலில் பேசியது ஹோன் இல்லை, அவள்.

அவளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சாவியைத் திருப்பியதும் ஒரு ஜப்பான் பெண் குரல் மரியாதையாக ஏதோ சொல்லும். பல வருடமாக அது காலை வணக்கம் என்று நினைத்து நானும் தலையாட்டி வந்தேன். ஈ.ரி.சி. அட்டை போடவில்லை என்று முறைப்பாடு சொல்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஜப்பானின் அதிவேகப் பாதைகளில் கட்டணம் கட்டும் அட்டை அது; இங்கே அதற்கு எந்த வேலையும் இல்லை. இரண்டு மொழிக்குச் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளன் மூன்றாவது மொழிக்காரியின் முறைப்பாட்டை வாழ்த்தாக ஏற்று வந்திருக்கிறேன். “இவட வயர வெட்டவா சேர்?” என்றார் நானா. வேண்டாம் என்றேன்.

பலூன் ஆள் எரிந்தார், அணைந்தார். ஸ்டியரிங் நேராக. ஹோனை அமத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. இடப்பக்கம், வலப்பக்கம், எல்லாப் பக்கமும் அடித்தது. ரேடியோவைக் கூட்டும் பொத்தானையும் அமத்தினேன்.

இதை 90 விநாடிக் கதைக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும்: பற்றரியைக் கழற்றினால் பல ஜப்பான் கார்களின் ரேடியோத் திரை பூட்டிக்கொள்ளும். திரும்பத் திறக்க அது ஒரு இரகசிய இலக்கத்தையோ ஜப்பானில் முதல் சொந்தக்காரர் எங்கோ தொலைத்த வரைபட அட்டையையோ கேட்கும். என் திரையில் நான்கு வரி ஜப்பான் எழுத்தும் அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டமும் நின்றன. பொத்தான் ‘டிக்’ என்று அருமையாக வேலை செய்தது, கூட்டுவதற்குத்தான் சத்தம் இல்லை.

“அதுக்கு வேற ஆள் ஈக்காரு சேர்,” என்றார் நானா, கையைத் துடைத்துக்கொண்டே. “பஞ்சிகாவத்தையில. இன்டைக்கு இல்ல. வார செவ்வாய் வாங்கோ.”